ரேணுக்காவின் டி டிரைவ்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ரேணுகாம்பாள் வீடு எது என்று கேட்டால், எந்த ரேணுகாம்பாள் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பேரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். 'பேங்க் கம்பி ரேணுகா' என்று கேட்டால் மட்டும் ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

அந்தப் பேர் வந்த கதையை ரேணுக்காவே (ரேணு அக்கா என்பதை நான் அப்படித்தான் சேர்த்துக் கூப்பிடுவேன்) பலமுறை சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில், அட்டை குத்தும் தணிகாசலத்திடம் கட்டத்தாள் வேலை செய்தார். பட்டுப் புடவையின் கரையில் வரும் உருவங்களைச் சிறு சிறு கட்டங்களாகத் தாளில் பிரித்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்ப வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டைகள் வரிசையாகத் தறிக்கு மேலே ஏறினால், எந்த இழை தூக்க வேண்டும், எந்த இழை படுக்க வேண்டும் என்று தறிக்குத் தெரிந்துவிடும். ரேணுக்காவின் வேலை நிரப்புவது மட்டும்தான். வரைவது வேறு ஆள். ஒருநாள் பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடுகிற வழியாக இல்லை. எதிரே ஜன்னல் கம்பி. வட்டத்துக்குள் சாய்சதுரம், அதற்குள் ஒரு பூ மாதிரி வளைவு. பணம் கட்டும் சலானின் பின்பக்கத்தில் அதைக் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதே காதில் விழவில்லை. அந்தச் சலான்தான் அவர் வரைந்த முதல் கரை. அந்த வருஷம் ஆடிக்கு முன்னால் பாதித் தறிகளில் பேங்க் கம்பி ஏறிவிட்டது. எங்கோ ஒரு கல்யாணப் பெண் பேங்க் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது என்பார்.

நான் அவரைச் சந்தித்தது இரண்டாயிரத்து இரண்டில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். எங்கள் வம்சத்திலேயே காலேஜ் படியேறிய முதல் ஆள் நான்தான். அதனால் கடை முதலாளி அடித்துக் கொடுத்த கார்டில் 'அந்தோணி, பி.எஸ்ஸி. (கம்ப்யூட்டர்)' என்று போடச் சொல்லி வாங்கினேன். அந்தக் கார்டில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டு ஏசுநாதர் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. அம்மா வைத்தது.

ஒரு புதன்கிழமை காலை, பிள்ளையார்பாளையத்தில் ஒரு அம்மாவுக்கு ஏதோ சாஃப்ட்வேர் ஏறவில்லையாம், போய்ப் பார் என்று முதலாளி அனுப்பினார். ரேணுக்காவின் வீட்டில் முன்கூடம் முழுக்கத் தறி. குழிக்குள் காலை விட்டுக்கொண்டு அவர் கணவர் கைலாசம் நெய்துகொண்டிருந்தார். தறிக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு மேசை. அதன்மேல், பட்டுத்துணித் துண்டில் ஓரம் தைத்த உறை போட்ட கம்ப்யூட்டர். ரேணுக்கா உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "வா தம்பி. பி.எஸ்ஸி.யா? நல்லதாப் போச்சு. இதுக்கு மின்னாடி வந்தவரு டிவி ரிப்பேர்க்காரரு" என்றார்.

விஷயம் இதுதான். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருந்த குமாரவேல், அட்டை குத்துவதற்குப் புது இயந்திரம் வாங்கியிருந்தார். அதற்கென்று ஒரு மென்பொருள். இனிமேல் கரை, புடவை உடலில் தூவும் புட்டா, முந்தானை எதுவானாலும் அந்த மென்பொருளில் வரைந்து கொடுத்தால்தான் இயந்திரம் படிக்கும். ரேணுக்காவிடம் சிடியைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் கண்ணெதிரே ஒரு கரையை அதில் வரைந்து, நிறத்தை மாற்றிக் காட்டினால், கடையின் வரைவு வேலை மொத்தமும் ரேணுக்காவுக்கு. இல்லாவிட்டால் சேலத்தில் ஓர் ஆளுக்கு.

"அவரு நல்ல மனுஷன்தான். ஆனா மிஷினு நிக்கக்கூடாதில்ல. நாளைக்கு வா, நாளைக்கழிச்சி வான்னு அதுக்கிட்ட சொல்ல முடியுமா?" என்றார் ரேணுக்கா.

தறியிலிருந்து கைலாசம் முதல் தடவையாகப் பேசினார். "சேலத்து ஆளுக்குப் போச்சுன்னா, இவ மறுபடியும் எனக்குச் சமைக்க ஆரம்பிச்சிடுவா தம்பி. பாத்து செய்ப்பா."

சிடியைப் போட்டேன். நீல நிறப் பட்டை மெதுவாக நகர்ந்தது. பாதிகூடப் போகவில்லை, நின்றுவிட்டது. டெம்ப் டைரக்டரியில் இடம் போதவில்லை, இடத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி முயலவும் என்று ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. டிவி ரிப்பேர்க்காரருக்கும் இதேதான் வந்திருக்கிறது. அவர் சிடியில் கோளாறு என்று சொல்லி அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்வது டெம்ப் என்கிற அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே கிடப்பதையெல்லாம் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து அழிப்பது. வேலை செய்யும்போது மென்பொருள்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பை அது. யாரும் கேட்டுக்கொண்டு வரமாட்டார்கள். திறந்தேன். வழக்கமான குப்பைக்குப் பேரே விளங்காது, ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்து கிடக்கும். இங்கே அப்படி இல்லை. மயில்சக்கரம், அன்னம் சின்னது, கோபுரக்கரை, வங்கி ஒன்று, வங்கி இரண்டு என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பேர்கள் வரிசையாக நின்றன.

பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிளில் போய் வருகிற எவனுக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே விடிந்ததும் தெருவில் பாவு போடுவார்கள். புடவைக்கு நீளவாட்டில் போகும் பட்டிழைகள் மொத்தத்தையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டாமல் பிரித்துவிட்டு உலர வைப்பார்கள். எந்த வீட்டுக்குள்ளும் அத்தனை நீளத்துக்கு இடம் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பாவு வரும் வழியில் ஒரு சைக்கிளோ, தண்ணீர்க் குடமோ நின்றால் யாரும் நகர்த்த மாட்டார்கள். "யாருதுப்பா இது?" என்று குரல் கொடுப்பார்கள். சொந்தக்காரர் வந்து தம் கையால் எடுத்து வைக்கும்வரை பாவு காத்திருக்கும். அந்தக் குரல் என் சைக்கிளைப் பார்த்தும் பலமுறை எழுந்திருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, அழிக்கும் பொத்தானுக்குப் போன விரலை எடுத்துவிட்டுக் கேட்டேன். "அக்கா, இதெல்லாம் யாருது?"

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "என்னுதுதான். வேற யாருது? மூணு வருஷமா போட்டது எல்லாம் அங்கதான் இருக்குது."

"இங்க எதுக்குக்கா வெச்சீங்க?"

அவர் சொன்ன காரணத்தை நான் இன்றைக்கும் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், ஒரு மயிலைப் பாதிவரை வரைந்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மயிலைக் காணோம். அப்போது வந்து பார்த்த ஒருவர் எங்கெங்கோ தேடி இந்த டெம்பிலிருந்து மயிலை மீட்டுக் கொடுத்து, கரண்ட் போனால் எல்லாம் இங்கேதான் வந்து கிடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரேணுக்கா யோசித்தார். கரண்ட் போனால் பத்திரமாக இருக்கிற இடம் அதுதான் என்றால், முதலிலிருந்தே அங்கேயே வைத்துவிட்டால் என்ன? பிள்ளையார்பாளையத்தில் கரண்ட் போகாத நாள் ஏது?

நான் அழித்திருந்தால் அவருடைய மூன்று வருஷம் போயிருக்கும். அதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பதறவில்லை; எழுந்துபோய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். அது முடிந்ததும் இன்னொரு டம்ளர்.

வரைவுகளை அங்கிருந்து எடுத்து, அவருக்கென்று தனி ஃபோல்டர் போட்டு வைத்தேன். நிஜமான குப்பையைத் தள்ளினேன். வேண்டாத விளையாட்டு ஒன்றிரண்டையும் தூக்கினேன். மறுபடி சிடி. மறுபடி அதே பெட்டி. சி டிரைவே சின்னது. விண்டோஸே பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ரேணுக்காவுக்கு ஒரு சந்தேகம். மென்பொருளுக்கு வேண்டும் என்று குமாரவேல் சொன்ன அளவுக்குத்தான் இப்போது இடம் இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னும் கேட்கிறது? நல்ல கேள்வி. காலேஜில் படித்ததைச் சொன்னால் எனக்கே தூக்கம் வரும் என்பதால் தறியைக் காட்டினேன்.

"உங்க பாவு வீட்டுக்குள்ள சுருட்டி இருக்கிறப்ப எம்மாம் எடம்?"

"இத்தினியூண்டு."

"அதைப் போடுறப்ப?"

அவர் வாசலைப் பார்த்தார். "ஒரு தெரு வேணும்."

"சிடியில சுருட்டி வெச்சிருக்காங்கக்கா. பிரிச்சி உதறுறதுக்கு ஒரு தெரு கேக்குது. பிரிச்சி முடிச்சிட்டா அதுக்கு அப்புறம் அம்மாம் எடம் வேணாம்."

தறிச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி கேட்டது. கைலாசத்துக்கும் விளங்கிவிட்டது என்று எனக்கு ஒரு பெருமை. என் பட்டப்படிப்பில் அதைவிடச் சுருக்கமாக நான் எதையும் விளக்கியதில்லை.

"அப்ப எந்தத் தெருவுல போடலாம்?" என்று கேட்டார் ரேணுக்கா.

டி டிரைவில், என்றேன். டெம்ப் ஃபோல்டர் சி-யில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கும் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால், பிரிக்கும் வேலையை டி-யில் வைத்துக்கொள்ளும். சொல்லிக்கொண்டே டி-யைத் திறக்கப் போனேன். என் கையை அவர் லேசாகத் தட்டினார்.

"அது நம்ம தெரு இல்லப்பா."

டி டிரைவுக்கு 'ராஜகோபால்' என்று பேர் போட்டிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் கணக்கு வழக்கு பார்க்கும் ஆடிட்டர் அவர். தணிகாசலத்தின் கணக்கையும் அவர்தான் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில்தான், புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை ரேணுக்காவுக்கு விலைக்குக் கொடுத்தார். வாங்கிய நாளிலிருந்து ரேணுக்கா டி-யைத் திறந்ததே இல்லை. பேர் எழுதியிருக்கிறதே.

நான் எவ்வளவோ சொன்னேன். பெட்டியை விலைக்கு வாங்கியாகிவிட்டது, உள்ளே இருப்பது எல்லாம் உங்களுடையதுதான், யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். பெட்டியைத்தான் விலை பேசினோம், உள்ளே இருப்பதைப் பேசவில்லையே என்றார். கல்யாணமாகி வந்த முதல் மாசத்தில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். கைலாசத்தின் பாவு போடுகிற நாள். எதிர்வீட்டு அன்னம்மாளின் கயிற்றுக் கட்டில் வழியில் கிடந்தது. கூப்பிட்டுப் பார்க்காமல், ரேணுக்காவே தூக்கி அடுத்த சந்தில் சாய்த்து வைத்தார். அன்றைக்கென்று மழை. கட்டில் நனைந்து கயிறு தொங்கிவிட்டது. அன்னம்மாள் சண்டையெல்லாம் போடவில்லை. தன் வாசலுக்கு நேரே பாவு போடக்கூடாது என்று மட்டும் சொன்னார். நடுவில் ஒரு வாசல் இல்லையென்றால் தெரு ரெண்டு துண்டு. அந்த வருஷம் முழுக்கக் கைலாசம் பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் போய்க் கெஞ்சிக் கொண்டிருந்தார்.

"நான் கெஞ்சல. வணக்கம் சொன்னேன்" என்றார் கைலாசம், தறிக்குள்ளிருந்து.

சரி, கேட்டே விடுவோம் என்று ராஜகோபாலுக்குப் போன் போட்டோம். அவர் சிரித்தார். பழைய கணக்கு ஏதாவது கிடக்கும், எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டோம், தாராளமாக அழித்துவிடும்படி சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன். ரேணுக்கா போனை விடவில்லை. "சார், ஒரு தடவ நீங்க வந்து பாத்துட்டு, உங்க கையால எடுத்துடுங்க. அப்பத்தான் எனக்கு நிம்மதி." அவர் மறுநாள் காலை வருவதாக ஒப்புக்கொண்டார், வேண்டாவெறுப்பாகத்தான்.

எனக்கு எரிச்சல். கையில் இருந்தது வியாழன் மட்டும். அனுமதி கொடுத்த பிறகும் ஒரு நாளை வீணாக்குகிறார் என்று கடையில் போய் முதலாளியிடம் புலம்பினேன். குமாரவேல் வரும்போது திரையில் அந்தச் சின்னப் பெட்டி நின்றுகொண்டிருந்தால், சேலத்துக்காரர் வீட்டில் பாயசம்தான். டி-யில் எவ்வளவு இருக்கிறது என்று அதன் அளவை மட்டும் பார்த்திருந்தேன். அது கிட்டத்தட்ட நிரம்பிக் கிடந்தது. ஆகவே அழிக்காமல் வேறு வழியும் இல்லை.

வியாழக்கிழமை காலை, நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் ராஜகோபால் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வரதர் கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார். வந்ததும் முதல் பேச்சு, "என்னம்மா ரேணுகா, குப்பை கொட்டறதுக்கெல்லாம் ஆடிட்டரைக் கூப்பிடறயே" என்பதுதான். ரேணுக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, மூன்று வருஷமாக யாரும் தொடாத டி-யைத் திறந்தார்.

கணக்கு கொஞ்சம்தான் இருந்தது. மற்ற இடத்தையெல்லாம் 'லக்ஷணா' என்று ஒரே ஒரு ஃபோல்டர் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பேரின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

லக்ஷணா அவருடைய மகள். கல்யாணமாகி அமெரிக்காவில் இருந்தாள். பள்ளிக்கூடம் படித்தபோது பாட்டுக் கற்றுக்கொண்டாள். அப்போது ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மைக்கைச் செருகி, அவள் பாடுவதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார். சுருக்காமல் அப்படியே பதிந்தது, அதனால்தான் அத்தனை இடம். புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவர் கணக்கை மட்டும் மாற்றியிருக்கிறார். அழிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார்கள்.

ஒன்றை அழுத்தினார். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு சிறுமியின் குரல்: "அப்பா, ரெக்கார்டு ஆறதா?" அதற்கு ஓர் ஆண் குரல், "ஆறது, பாடு" என்றது. அவள் சுருதி சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் தப்பினாள். அய்யய்யோ என்று சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தறி நின்றிருந்தது. கைலாசம் குழிக்குள் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார். "நேத்து போன்ல அழிச்சிடுன்னேனே" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"நீங்க பாக்காம நாங்க எடுக்கலாமா சார்" என்றார் ரேணுக்கா.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிடி எழுதும் கருவி எங்கள் கடையில் இருந்தது. ராஜகோபாலே ஆட்டோ பிடித்தார். மடியில் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே சைக்கிளில். மதியத்துக்குள் பாட்டு முழுவதையும் சிடிகளில் எழுதி, ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டு, அவர் தலையசைத்த பிறகு, அழிக்கும் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். அழுத்துவதற்கு முன் ரேணுக்காவுக்குப் போன் செய்து, அழிக்கலாமா என்று கேட்டார். இந்தத் தடவை அவர் கேட்டார், பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ரேணுக்கா சொன்னதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. "ஒரு பாட்டு மட்டும் இருக்கட்டும்கறாப்பா. அந்தச் சிரிக்கற பாட்டு." அதை விட்டுவிட்டு மற்றதை அழித்தோம்.

பெட்டியைக் கொண்டுபோய் மறுபடி மாட்டினேன். டி-யில் ஒரு புது ஃபோல்டர் போட்டேன். டெம்ப் இனி அதுதான் என்று தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதி, கம்ப்யூட்டரை நிறுத்தி எழுப்பினேன். சிடியைப் போட்டேன். அந்த ஃபோல்டருக்கு என்ன பேர் வைத்தேன் என்று ரேணுக்கா கேட்டார். தெரு என்று வைத்திருக்கிறேன் என்றேன். நீலப் பட்டை பாதியைத் தாண்டியது. ரேணுக்கா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்கால். கைலாசம் தறிக்குழியை விட்டு ஏறி வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. பட்டை கடைசிவரை போய், மென்பொருள் தயார் என்றது.

"கரண்ட் போகல" என்றார் கைலாசம். அவரைப் பொறுத்தவரை அதுதான் அதிசயம்.

நான் கிளம்பப் போனேன். ரேணுக்கா விடவில்லை. தெரு இன்னும் நிரம்பிக் கிடக்கிறதா என்று கேட்டார். மென்பொருள் பிரித்துப் போட்டுவிட்டுப் போனது கொஞ்சம் கிடந்தது. "அப்ப பெருக்கிட்டுப் போ தம்பி. பாவு சுருட்டுனா தெருவப் பெருக்கிட்டுத்தானே போவாங்க." பெருக்கிவிட்டுப் போனேன்.

அன்று சாயங்காலமே அவர் உட்கார்ந்துவிட்டார். பழைய முறையில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் தாளையே கிழிக்க வேண்டும். இதில் ஒரு கட்டம் மாறினால் கரை முழுக்கத் தானே மாறியது. மறுநாள் காலை ஏதாவது தகராறு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் லீவு சொல்லிவிட்டே அங்கே போனேன். விடியற்காலையிலேயே எழுந்து வரைந்து முடித்திருந்தார். திரையில் இருந்தது எதுவென்று முதலில் பிடிபடவில்லை. ஒரு சிறு வளைவு எழும்பி, பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து எழும்பி, இந்தத் தடவை முழுசாகச் சுற்றி ஒரு மாங்காயாக முடிந்தது. பிறகு அடுத்தது.

"எதைப் பாத்துப் போட்டீங்க?" என்றேன்.

"பாத்து எங்க போட்டேன்? கேட்டுக்கினே போட்டேன்" என்றார். ஸ்பீக்கரைக் காட்டினார்.

ராகு காலம் முடிந்ததும் குமாரவேல் வந்தார். கனத்த மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை. கரையைப் பார்த்தார். அரக்கு வேண்டாம், மாம்பழ மஞ்சளில் காட்டு என்றார். ரேணுக்கா காட்டினார். பாதி வளைவு எதற்கு நிற்கிறது, தப்பா என்று குமாரவேல் கேட்டார். அடுத்தது முழுசாக வரப்போகிறது என்று சொல்கிற வளைவு அது, எடுத்துவிட்டால் மாங்காய் தனியாக நிற்கும், எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டு, எடுத்தும் காட்டினார் ரேணுக்கா. குமாரவேல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்ப வைக்கச் சொன்னார்.

"ஆவணி முகூர்த்தத்துக்கு இதையே ஏத்திடலாம்மா. முந்தானையும் இதுக்குச் சேர்ந்தாப்ல போட்டுடு. இனிமே சிடியெல்லாம் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பினார். "சேலத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

அவர் கார் தெருமுனையைத் தாண்டும் வரை மூவரும் வாசலிலேயே நின்றோம். பிறகு கைலாசம்தான், "அப்ப இன்னிக்கும் நான்தான் சமைக்கணும்" என்றார். ரேணுக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அன்னம்மாள் வாசலுக்கு வந்து என்ன சங்கதி என்று விசாரித்தார். அவர்களுக்குள் எப்போதோ சமாதானமாகி, இப்போது அன்னம்மாள் வடகம் காயப்போடுவதே ரேணுக்காவின் மாடியில்தான்.

அதற்குப் பிறகு ரேணுக்கா இரண்டு கம்ப்யூட்டர் மாற்றிவிட்டார். இரண்டையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். இப்போது எனக்கும் சொந்தமாக ஒரு கடை, பேர்ப்பலகையில் பி.எஸ்ஸி. இன்னும் இருக்கிறது. புதிய கம்ப்யூட்டர்களில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. டெம்பை எங்கும் மாற்றி வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் டி-யில் தெரு என்று ஒரு ஃபோல்டர் போடச் சொல்வார். அதை அடுத்து லக்ஷணா என்று இன்னொன்று. அதில் ஒரே ஒரு பாட்டு.

போன மாசம் போயிருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த லக்ஷணா, தன் அப்பாவோடு ஒரு புடவை பார்க்க அங்கே வந்திருந்தாள். அவளுக்கென்றே அந்தப் பாட்டுக் கரை போட்டு நெய்தது. ரேணுக்கா ஸ்பீக்கரைப் போட்டார். சின்ன வயதில் தப்பிய இடம் வந்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, இதையா வெச்சிருக்கேள்? அழிச்சிடுங்கோ மாமி" என்றாள்.

"உன்னுதும்மா. உன் கையால நீயே எடுத்துடு" என்று சுட்டியை அவள் பக்கம் தள்ளினார் ரேணுக்கா.

அவள் சுட்டியைத் தொட்டாள். பிறகு, பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.